கொழும்புக்குப் போன எலும்புக்கூடு

நான் டைனோசர் செய்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் மனைவியைப் பார்ப்பார்கள். அவள் தலையாட்டினால்தான் நம்புவார்கள். எனக்கு இதில் எப்போதும் எரிச்சல். இந்த ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் கோப்பை கழுவினார்கள், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார்கள், கடை போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் யாரும் மனைவியிடம் கேட்டு உறுதிப்படுத்துவதில்லை. என் தொழில் மட்டும் சந்தேகத்துக்கு இடமானது.

ஹம் நகரத்திலிருந்து உள்ளூர் ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் எங்கள் வேலைத்தலம் வரும். பழைய தானியக் களஞ்சியம் ஒன்றை வாங்கிப் பட்டறையாக மாற்றியிருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் உள்ள அசல் எலும்புகளின்மேல் சிலிக்கோன் பூசி அச்சு எடுப்போம். அந்த அச்சுக்குள் பிசினும் கண்ணாடி நாரும் போட்டு இறுக வைத்தால் எலும்பு தயார். பிறகு உரஞ்சி, வர்ணம் பூசி, உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்து நிற்பாட்டுவோம். அசல் எலும்பு முழுக் கல், பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க ஏலாது. எங்களுடையதுக்கு உள்ளே காற்றுத்தான். தொடை எலும்பை நான் தனியாகத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போவேன், தபால்காரர் ஒவ்வொருமுறையும் நின்று பார்ப்பார்.

அதற்கு முன் நான் குளியல் தொட்டி செய்யும் ஆலையில் இருந்தேன். அதுவும் கண்ணாடி நார்தான், அதே நாற்றம்தான். அதை மூடினார்கள். இங்கே வேலை கேட்டு வந்தபோது எங்கள் முதலாளியம்மா கேட்டது ஒரேயொரு கேள்வி, குமிழி விழாமல் ஊற்றத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். நாளைக்கே வா என்றார். ஜேர்மனியில் எனக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான டெர்மின், சந்திப்பு நேரம், அது.

எங்கள் எலும்புக்கூடுகளைப் பெரும்பாலும் வாங்குகிறவர் ஒரு கிழவர். கதவுப் பிணைச்சல் செய்து பெரும் பணக்காரர் ஆனவர். ஆலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒரு அறக்கட்டளை தொடங்கினார். வேறு பணக்காரர்கள் ஆஸ்பத்திரி கட்டுவார்கள், கிணறு வெட்டுவார்கள். இந்த மனிதர் வெளிநாடுகளுக்கு டைனோசர் எலும்புக்கூட்டின் நகலை அன்பளிப்புச் செய்கிறார். ஏன் என்று நான் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

“கிணறு வெட்டினால் அது எந்த ஊருக்கு என்று சண்டை வரும்” என்றார். “டைனோசருக்குக் கட்சி இல்லை, மதமும் இல்லை. எந்த நாட்டுப் பிள்ளையும் அதன் முன்னால் நின்று வாயைப் பிளக்கும். இரண்டு நாடுகள் பேசத் தொடங்க அது போதும்.”

கிழவர் நல்லவர்தான். ஆனால் அவர் நினைத்ததுபோல எல்லாம் நடக்காது. பெட்டியில் கட்டமுன்னம் எலும்புக்கூட்டை எங்கள் பட்டறையிலேயே முழுதாகப் பொருத்தி நிற்பாட்டுவோம். அன்றைக்கு அந்த நாட்டுத் தூதர் வருவார், கேக் வெட்டுவார்கள், கிழவர் பேசுவார். ஒருமுறை வந்த தூதர் ஒருவர் எலும்புக்கூட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, இதன் அசல் எங்கே என்று கேட்டார். எங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது என்றார் கிழவர், சந்தோசமாக. அதைத் தோண்டி எடுத்தது எங்கள் நாட்டில் அல்லவா என்றார் தூதர், அவரும் சிரித்துக்கொண்டுதான். முதலாளியம்மா ஓடிப்போய்த் தூதருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது, பொய் சொல்வானேன்.

இதையெல்லாம் நான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன். அக்கா விலங்கியல் ரீச்சர். கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு வகுப்பு. இப்படியே ஓய்வூதியம் எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டாள். அவளுடைய ஆய்வுகூடத்தில் இருந்த மாதிரிகள் எல்லாம் சண்டையில் போய்விட்டன. முதலை மண்டையோடு, போத்தலில் இருந்த பாம்பு, ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு கரும்பலகையில் கீறித்தான் படிப்பித்தாள். நன்றாகக் கீறுவாள். நான் இந்த வேலைக்கு வந்ததைச் சொன்ன அன்று அவள் சந்தோசத்தில் என்னைத் திட்டினாள்.

“அடேய், ஓ லெவலிலை எலும்பு எண்டால் ஓடினனி. இப்ப உனக்கு உதுவோ சோறு போடுது?”

அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சு முழுக்க எலும்புதான். இன்றைக்கு என்ன ஊற்றினாய், எத்தனையாவது முள்ளந்தண்டு, அதன் குழி எந்தப் பக்கம். என் மனைவி சொல்லுவாள், “இஞ்சருங்கோ, உங்கடை அக்காவும் நீங்களும் கதைக்கிறதைக் கேட்டால் இறைச்சிக்கடை எண்டு நினைப்பினம்.” அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு முழு டைனோசர் எலும்புக்கூட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும். அதுவும் தம்பி செய்ததாக இருக்க வேண்டும். அவ்வளவு காலம் படிப்பித்தவள் ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை.

அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது கண்ணில் இறங்கிவிட்டது. ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது, மற்றதில் ஓரத்தால்தான் தெரியும். அதுவும் கனகாலத்துக்கு நிற்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் உடனே அவளை இங்கே கூப்பிட முயன்றேன். பட்டறைக்குக் கொண்டுபோய் நிற்பாட்டிவிட்டால் போதும். விசாவுக்கு விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. மீண்டும் விண்ணப்பித்தாள், மீண்டும் இல்லை. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே திரும்பிப் போவாள் என்று நம்ப முடியாதாம். முற்றத்துச் செவ்வரத்தைக்கு யார் தண்ணீர் விடுவது என்ற கவலையில், ரெண்டு கிழமைக்கு மேலே நிக்கமாட்டன் என்று என்னிடம் முன்கூட்டியே சண்டை பிடித்தவள் அவள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பட்டறையில் ஒரு வாளி பிசினைக் காலால் உதைத்து ஊற்றிவிட்டேன். முதலாளியம்மா துடைக்கத் துணி எடுத்துத் தந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் கோப்பி குடிக்கிற நேரம் முதலாளியம்மா வந்து என் முன்னால் இருந்தார்.

“அடுத்தது உன் நாட்டுக்கு” என்றார்.

“எந்த நாட்டுக்கு?” என்றேன். எனக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு, ஆகவே கேட்டது நியாயம்தான்.

“இலங்கைக்கு. நீளக்கழுத்து டைனோசர். கிழவர் கையெழுத்துப் போட்டாயிற்று.”

என்னை அந்த நாட்டிலிருந்து கலைத்தார்கள், நான் லொறிக்குள் ஒளிந்து எல்லைகளைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தேன், இப்போது அதே நாட்டுக்கு நான் செய்கிற எலும்பு மாலை மரியாதையோடு போகப்போகிறது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த நொடி அக்காவின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் வைக்க ஏலாதா என்று கேட்டேன். இது அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடக்கிற விசயம், அவர்கள் கொழும்பு என்று சொல்லிவிட்டார்கள் என்றார்.

அக்காவுக்குச் சொன்னேன்.

“கொழும்புக்கோ?” என்றாள். “எங்களுக்கு ஒரு கால்விரல் எண்டாலும் அனுப்புங்கோவன்.”

“பகிடியை விடுங்கோ அக்கா. கொழும்புக்கு ரெயினிலை போவியளோ?”

“போகாமல்? தவண்டெண்டாலும் போவன். எங்கடை நாட்டிலை இருந்து ஒரு டைனோசர் எலும்பும் இன்னும் அம்பிடேல்லை, தெரியுமோ உனக்கு? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லு அதுகள் அழிஞ்சு எத்தினையோ காலத்துக்குப் பிறகு வந்தது. தோண்டினால் சிப்பிதான் வரும். உவ்வளவு காலமும் வராததை நீயெல்லோ அனுப்பிறாய். சுறுக்காச் செய்து அனுப்பு. இந்தக் கண் எனக்காகப் பாத்துக்கொண்டு இராது.”

இந்தச் செய்தி எங்கள் ஆட்களுக்குள் எப்படிப் பரவியது என்று தெரியாது. என் மனைவிதான், வேறு யார். கோயில் திருவிழாவில் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு மனிதர் என்னைப் பிடித்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், எசன் நகரத்தில் இருக்கிறார்.

“எலும்பண்ணை, உவங்களுக்கு என்னத்துக்கு உது? உங்களுக்கு வெக்கமா இல்லையோ?”

“நான் குடுக்கேல்லை ஐசே” என்றேன். “நான் செய்யிறன், சம்பளம் எடுக்கிறன். நீர் வேலை செய்யிற தொழிற்சாலையிலை செய்யிற காருகள் எங்கையெங்கை போகுது எண்டு விசாரிச்சிட்டோ நட்டைப் பூட்டிறீர்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் முகம் சரியில்லை. உண்மையைச் சொன்னால் அவர் கேட்டது எனக்கும் குத்தியது. ஆனால் நான் அந்த எலும்புக்கூட்டை எந்த அரசாங்கத்துக்கும் செய்யவில்லை. ஒற்றைக் கண்ணின் ஓரத்தால் பார்க்கிற ஒரு ரீச்சருக்குச் செய்தேன். அந்தக் கண்ணும் போக முன்னம் அது அங்கே போய் நிற்க வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

சுறுக்காகத்தான் செய்தோம். என் கையிலிருந்து எதுவும் தாமதமாகப் போகவில்லை. அங்கே அமைச்சர் மாறினார், மண்டபம் மாறியது, ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒரு பருவமே போனது. முதலாளியம்மாவைக் காலையில் கண்டதும் நான் குட்டன் மோர்கன் சொல்லமுன்னம், கொழும்பிலிருந்து ஏதும் வந்ததா என்றுதான் கேட்பேன். அக்காவிடம் கண்ணைப் பற்றிக் கேட்டால், “இருக்கு, இருக்கு” என்பாள். ஒருநாள் அரிசிக்குள் கிடந்த கல்லைப் பார்க்க ஏலாமல் பல்லை உடைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக எல்லாம் சரிவந்து, பட்டறையில் நீளக்கழுத்தை நிற்பாட்டிக் கேக் வெட்டும் நாளும் வந்தது. கொழும்பில் பொருத்துவதற்கு மூன்று பேர் போவது, முதலாளியம்மா, எங்கள் வெல்டர், நான் என்றுதான் பேச்சு. நான் லீவு போட்டு, பெட்டிகூட வாங்கியிருந்தேன். கிழவர் பேசி முடித்த பிறகு அறக்கட்டளையின் விழா ஒழுங்குகளைப் பார்க்கும் இளம்பெண் என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். மிக மரியாதையான பிள்ளை. என் வேலையைப் பற்றி நல்லதாக நாலு வசனம் சொன்னார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஜேர்மன்காரர் முதலில் புகழ்ந்தால் பின்னால் ஏதோ வருகிறது.

“இது நுட்பமான விசயம்” என்றார். “நீங்கள் தமிழர். அகதியாக வந்தவர். அங்கே யாராவது தவறாக விளங்கிக்கொண்டால், பரிசின் நோக்கமே மாறிவிடும். இந்தமுறை நீங்கள் போகாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.”

“நான் என்ன குண்டோ?” என்று தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு ஜேர்மனில், டைனோசருக்குக் கட்சி இல்லை என்றீர்களே, அதைச் செய்தவனுக்கு எப்படி வந்தது என்று சத்தமாகவே கேட்டேன். கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் சிவந்துபோயிற்று. கிழவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா என்னைக் கையில் பிடித்து வெளியே கொண்டுவந்தார். தானும் ஒருகிழமையாகச் சண்டை பிடித்ததாகவும் தோற்றுப்போனதாகவும் சொன்னார்.

“உன் அக்காவுக்கு அழைப்பு வாங்கிவிட்டேன்” என்றார். “கூட ஒருவர் வரலாம். நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தொட வைப்பேன். எங்கள் எலும்பு கண்ணாடிக்குள் இருக்கிற அசல் இல்லையே, தொட்டால் என்ன?”

அந்த ஒரு சொல்லில் என் கோபம் பாதி இறங்கியது.

அக்காவிடம் படித்த ஒருத்தி, இப்போது வங்கியில் வேலை செய்கிறாள், லீவு எடுத்துக்கொண்டு கூடப்போக ஒத்துக்கொண்டாள். வெளிச்சம் குறைந்த இடத்தில் அக்கா தனியாக ஒரு அடி வைக்கமாட்டாள், அவளைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். நான் போன் எடுத்து எல்லாம் விளக்கினேன். அமைச்சர் வருவார், வாசலில் சோதிப்பார்கள், அழைப்பைக் கையில் வைத்திருங்கோ. கடைசியாகச் சொன்னேன், “அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், வெறுங்கையோடை போங்கோ.”

“வெறுங்கையோடையோ?” என்றாள். “அந்த மனிசி உன்னை இவ்வளவு காலம் வேலைக்கு வைச்சிருக்குது. நான் வெறுங்கையோடை போய் முன்னாலை நிக்கிறதோ?”

இது எங்கள் ஆட்களின் வியாதி. ஊரிலிருந்து ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அவருடைய பெட்டியில் காலி இடம் இருக்கவே கூடாது. முன்பின் தெரியாதவர் என்றாலும் பரவாயில்லை, தம்பி இருக்கிற ஊருக்குப் போகிற ஆள்தானே. வந்த ஆள் ஜேர்மன்காரி என்பதற்காக அக்கா அதை விடுவாளா? விழா முடிய ஹோட்டலில் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றேன். ரெயின் பிடிக்க வேணும், நேரம் இராது என்றாள். சரி, ஏதாவது சின்னதாக என்றேன். ஓம், ஓம், சின்னன்தான் என்றாள்.

விழா அங்கே காலையில், இங்கே விடியும் நேரம். நான் பட்டறைக்கு வேளைக்கே வந்து இருந்தேன். அக்காவின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. முதலாளியம்மாவின் போன் நிற்பாட்டியிருந்தது. வெல்டர் ஒரு படம் அனுப்பினான். நீளக்கழுத்துக்கு முன்னால் கிழவரும் அமைச்சரும் கைகுலுக்குகிறார்கள், கழுத்தில் மாலை. நீளக்கழுத்துக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து அக்காவைத் தேடினேன். கூட்டத்தில் இருப்பாள் என்று நினைத்தேன். பின்னேரம் அந்த வங்கிப் பிள்ளை, ரெயினில் போகிறோம், ரீச்சர் நித்திரை என்று மட்டும் செய்தி அனுப்பினாள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

முதலாளியம்மா திரும்பி வந்த அன்று பட்டறை மேசையில் ஒரு பொதியை வைத்தார். உரப்பையில் கட்டி, கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து, சிறு பிள்ளையின் பாரம் இருக்கும். அதற்குள் பனங்கட்டி, புழுக்கொடியல், எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை. நடுவில் நாலைந்து பொலித்தீன் சுற்றி, வறுத்து இடித்த சிவந்த கறித்தூள்.

“உன் அக்கா சொல்ல வேண்டாம் என்றார்” என்றார் முதலாளியம்மா. “எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் உள்ளே வரவில்லை.”

நடந்தது இதுதான். வாசலில் பொலிஸ்காரர் பொதியை அவிழ்த்தார்கள். யாழ்ப்பாணத்து ரெயினில் வந்த பெண், கையில் அமைச்சரின் விழாவுக்கு உரப்பையில் தூள். நாயைக் கூட்டிவந்து மோப்பம் பிடிக்கவிட்டார்கள், நாய் தும்மியது. தூள்தான் என்று அவர்களுக்கும் விளங்கியது. ஆனால் பொதி உள்ளே வரக்கூடாது, வாசலிலும் வைக்கக்கூடாது. எறிந்துவிட்டு வா, இல்லாவிட்டால் வீதித் தடைக்கு அங்கால் கொண்டுபோ என்றார்கள். கூட வந்த பிள்ளை பொதியோடு அங்கே போனால் அக்காவைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. எறிவம் ரீச்சர் என்று அந்தப் பிள்ளை அழாக்குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். தம்பிக்கு என்று வறுத்துக்கொண்டுவந்ததை ரோட்டில் எறிவதோ? இரண்டு பேருமாகப் பொதியைத் தூக்கிக்கொண்டு தடைக்கு அங்கால் போய் ஒரு கடை வாசல் நிழலில் இருந்துவிட்டார்கள். முதலாளியம்மாவுக்கு அந்தப் பிள்ளை எடுத்த அழைப்பு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

விழா முடிந்து அவர் தேடிக்கொண்டு ஓடிவந்தபோது மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். பொதுமக்களுக்குத் திறக்கும்வரை யாருக்கும் திறக்க ஏலாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். முதலாளியம்மா அந்த வீதியில் நின்று அவரோடு இங்கிலிசில் சண்டை பிடித்திருக்கிறார். “உன் அக்கா என் கன்னத்தைத் தடவினார், இந்தப் பொதியை என் கையில் தந்தார். சிரித்துக்கொண்டுதான் தந்தார்” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். அவர் அழுது நான் கண்டதில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பொலிஸ்காரர்கள்மேல், அமைச்சர்மேல், என்னைப் போகவிடாத அறக்கட்டளைமேல் வந்தது. எல்லாவற்றையும்விட அக்காமேல் வந்தது. தூள்! ஹம்மில் ஐந்து தமிழ்க் கடை இருக்கிறது, எல்லாவற்றிலும் தூள் இருக்கிறது. ஒரு பை தூளுக்காக, வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டதை வாசலில் விட்டுவிட்டு வருவதா? விசர் மனிசி! இன்றைக்கு அவளை உரித்து உப்புப் போடாமல் விடுவதில்லை என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முற்றத்துக்குப் போய் நின்று போன் எடுத்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை, அவள் தொடங்கிவிட்டாள்.

“தம்பி! உன்ரை போனுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். பாத்திட்டன்ரா! என்ன வடிவு! கழுத்தெண்டால் அப்பிடி ஒரு கழுத்து, கூரையைப் போய் முட்டுது. கண்ணும் அண்டைக்கெண்டு நல்லாத் தெரிஞ்சுது. அந்த மனிசி என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவா, பாவம், நல்ல மனிசி.”

“தொட்டனீங்களோ?” என்று மட்டும் கேட்டேன்.

“தொடாமல் வருவனோ? வாலைத் தொட்டனான். வால் நிலத்திலை நீட்டிக் கிடந்தது, குனிஞ்சு நுனிமட்டும் தடவிப் பாத்தன். நாரி பிடிச்சுப்போட்டுது. பிறகு அந்தப் பிள்ளைதான் தூக்கி நிமித்தினது.”

அக்கா படித்த புத்தகங்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது, உடும்பு மாதிரி வாலை நிலத்தில் இழுத்துக்கொண்டு. அப்படித்தான் அவளும் கரும்பலகையில் கீறினாள். இப்போது அது பிழை என்று தெரிந்துவிட்டது. அவை வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவை. நீளக்கழுத்தின் வால் நிலத்தை எங்கேயும் தொடாது. அதை ஒவ்வொரு கணுவாக நான் ஏணியில் ஏறி நின்றுதான் பூட்டினேன். எங்கள் வெல்டர் நெடுவல், அவன் கையை உயர்த்தினாலும் எட்டாது.

திட்டுவதற்கு நான் கட்டிக்கொண்டு வந்த சொல் எல்லாம் வீணாய்ப்போயிற்று. மண்டபம் திறந்ததும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ என்று சொல்லவும் இனி வழியில்லை. அவள்தான் பார்த்துவிட்டாளே.

“என்னடா?” என்றாள். “வால் அப்பிடித்தானே?”

“ஓம் அக்கா” என்றேன். “நிலத்திலைதான் விட்டனாங்கள். பிள்ளையள் தொடட்டும் எண்டு.”

“நல்ல வேலை செய்தாய்” என்றாள் அக்கா.